எட்டணா கப்பலும் அப்பாவின் மேட்டடோரும்

போன மாதம் குன்னத்தூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி அட்டாலியில் கிடந்த சாமான்களையெல்லாம் கீழே இறக்கினோம். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில் கம்பு, தம்பியின் பழைய கேரம்போர்டு, அப்புறம் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் அப்பாவின் வேன் கணக்கு நோட்டு இருந்தது. துணி முதுகு ஒட்டிய நீள நோட்டு. பூட்டு துருப்பிடித்துப் போனதால் சுத்தியலால் தட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. நோட்டில் டீசல் வாசனை இன்னும் போகவில்லை.

நான் பதினெட்டு வருடங்களாகத் திருப்பூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். எந்தக் கணக்கு நோட்டைப் பார்த்தாலும் கை தானாகக் கூட்டிப் பார்க்கும். வெள்ளையடிக்கிற ஆட்கள் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்து முடித்தேன்.

அப்பா 1993-இல் ஒரு மேட்டடோர் வேனைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். காலையில் குன்னத்தூரில் எடுத்து, பெருமாநல்லூர் வழியாகப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களைத் திருப்பூரில் இறக்கிவிடுவார். பகலில் துணி ரோல் ஏற்றுவார். ராத்திரி அதே ஆட்களைத் திரும்பக் கூட்டி வருவார். மொத்தம் 24 பேர். சம்பளம் சனிக்கிழமை என்பதால் வேன் காசும் சனிக்கிழமைதான். ஆளுக்கு வாரம் 30 ரூபாய், ஆக 720 ரூபாய். அதில் டீசல், பைனான்ஸ் டியூ, டயர் போக மிச்சத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம்.

1996-இல் அதே ரூட்டில் இன்னொருவர் மூன்று வேன் விட்டார். வசதியான மனிதர், வேறு தொழிலும் உண்டு. வாரத்துக்கு 20 ரூபாய் என்றார். அப்பா 25-க்கு இறங்கினார். அவர் 15 என்றார். அப்பாவும் 15-க்கு வந்தார். 24 பேரும் அப்படியே இருந்தாலும் 360 ரூபாய், டீசலையும் டியூவையுமே தாண்டாது. அவர் 10 ஆக்கினார். ஐப்பசியில் ஒரு மாதத்துக்குக் காசே வேண்டாம் என்றவர், தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்தார்.

நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 24 போய் 17. அப்புறம் 11. தைப் பொங்கலுக்குப் பிறகு 6.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் சமூகவியல் வகுப்பில் டீச்சர் வ.உ.சிதம்பரம் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனி கப்பல் டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது, அப்புறம் இனாமாகவே ஏற்றி ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்று அவர் சொன்னபோது என் நெஞ்சு படபடவென்று அடித்தது. குடை என்றதும் எனக்கு டிபன் பாக்ஸ்தான் கண்ணுக்கு வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது பரீட்சைக்கான பாடம். எனக்கு அது எங்கள் வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்த விஷயம். அன்று தொடங்கி வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பேன். இந்த நோட்டு கையில் கிடைத்தபிறகு, படித்ததை ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதற்கு ஏஜென்ட் ஹார்வி கம்பெனி. வியாபாரிகள், தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிக்காரர்கள், பருத்தி மூட்டை, கருவாட்டு மூட்டை எல்லாம் அதில்தான் போக வேண்டும். அவர்கள் வைத்ததே விலை. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்காது. கடல் ஆழம் குறைவு என்பதால் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். மூட்டை முடிச்சோடு படகில் போய், அலையில் ஆடுகிற படகிலிருந்து கப்பலுக்கு ஏற வேண்டும். பாதுகாப்பான திண்ணையில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போதே எனக்குக் கை ஏதாவது பிடிமானம் தேடும்.

1906 அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார். இரண்டு லட்சம் ரூபாய், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு! வ.உ.சி. உதவிச் செயலாளர்தான். ஆனால் ஊர் ஊராக அலைந்து பங்கு விற்றது அவர். நம் பக்கத்து மனிதர் ஒருவரும் இதில் உண்டு. சட்ட ஆலோசகர்களில் ஒருவர் சேலம் விஜயராகவாச்சாரியார், பிற்பாடு 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர்.

பங்கை 25 ரூபாய் என்று வைத்ததை நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். பத்துப் பணக்காரர்களைப் பிடித்து ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கியிருந்தால் வேலை சுலபம். 25 ரூபாய்ப் பங்கு என்றால் ஆயிரக்கணக்கான முறை யாரிடமாவது பேசியாக வேண்டும். அப்படிப் பேசினால்தான் நாளைக்கு டிக்கெட் வாங்குகிறவனும் சரக்கு ஏற்றுகிறவனும் ‘இது நம்ம கப்பல்’ என்று நினைப்பான். அவர் தெரிந்தேதான் செய்தார் என்று நம்புகிறேன். ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று வைத்ததும், நம் ஆட்களுக்குக் கப்பல் தொழில் கற்றுத் தருவது, கப்பல் கட்டும் துறை அமைப்பது என்று கம்பெனியின் நோக்கத்திலேயே எழுதியதும் அதே எண்ணத்தில்தான்.

முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிர்க் கம்பெனி ஒரு நெருக்கு நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஓட்டம் நின்றால் சரக்குக்காரர்கள் கை மாறிவிடுவார்கள். உடனே கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை விடாமல் பார்த்துக்கொண்டார் வ.உ.சி. வாடகை வண்டியை நம்பித் தொழில் செய்கிற யாருக்கும் இந்த இடம் புரியும். வண்டிக்காரன் ஒரு நாள் வரவில்லை என்றால் பெயர் போவது நமக்குத்தான்.

அதனால் சொந்தமாகக் கப்பல் வாங்குவது என்று பம்பாய்க்குப் போனார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலிலேயே போய்ச் சேருவேன் என்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். கப்பலோடுதான் வந்தார். எஸ்.எஸ். காலியா. பிரான்சிலிருந்து இன்னொன்றும் வந்தது, எஸ்.எஸ். லாவோ. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். 1907-இல் இந்த இரண்டு கப்பலையும் பார்க்கத் தூத்துக்குடிக் கரையில் கூடிய ஜனங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் மேட்டடோர் வந்த அன்று அம்மா சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, நாங்கள் தெருக்கோடி வரை பின்னாலேயே ஓடினோம். ஒரு வேனுக்கே அப்படி.

அப்புறம்தான் கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணா, அதாவது அரை ரூபாய், என்றது. அவர்கள் இனாம் என்றார்கள். குடையும் வந்தது.

நோட்டைப் படித்த அன்று சாயங்காலம் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாதாரண வகுப்பில் 1,300 பேரும் நிறைந்து, ஆளுக்கு எட்டணா வீதம் கொடுத்தால் ஒரு நடைக்கு 650 ரூபாய். கம்பெனியின் மூலதனம் 10 லட்சம். கரிச்செலவு, மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கூலி எதையும் கழிக்காமல், இந்த 650-ஐ மட்டுமே சேர்த்துப் போட்ட பணத்தை எடுக்க வேண்டுமென்றால் 1,539 நடை போக வேண்டும், ஒவ்வொரு நடையும் ஆள் நிறைந்து. சரக்குக் கூலியும் மேல்வகுப்பு டிக்கெட்டும் இருந்திருக்கும், சரிதான். ஆனாலும் எட்டணா என்பது பிழைப்பதற்கான விலை கிடையாது. எதிராளி விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதற்கான விலை. அப்பா 15 ரூபாய்க்கு இறங்கியதும் அதே கணக்கில்தான். எதிராளி விழமாட்டான் என்பதுதான் இதில் தெரியாத விஷயம். அவனுக்கு வேறு நூறு ரூட்டில் வருமானம் வந்துகொண்டிருக்கிறது. இந்த ஒரு ரூட்டில் அவன் இனாமாக ஓட்டினாலும் வலிக்காது.

இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. 1884-இல் வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் ‘சரோஜினி’ என்ற கப்பலைக் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே ஆற்றில் விட்டார். எதிரே இருந்தது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. போட்டி முற்றிப் போய்ப் பயணிகளைக் காசு வாங்காமல் ஏற்றி, சாப்பிடவும் கொடுக்கிற நிலைக்கு வந்து, மனிதர் கடனாளியாகி நின்றார். அடுத்து 1893-இல் ஜாம்ஷெட்ஜி டாடா பம்பாயிலிருந்து சீனா, ஜப்பான் பக்கம் நூலும் பஞ்சும் கொண்டுபோகக் கப்பல் விட்டார். பி அண்ட் ஓ என்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி டன்னுக்குப் பத்தொன்பது ரூபாய் இருந்த கூலியை இரண்டு ரூபாய்க்கும் கீழே தள்ளியது. டாடாவே அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் கப்பலை நிறுத்திக்கொண்டார். நூல் வியாபாரம் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் அந்தக் கூலி வித்தியாசத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எந்த மில்காரர் அதை வேண்டாம் என்பார்?

ஆனால் தூத்துக்குடியில் நடந்தது வேறு. என்னை இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக விடாமல் பிடித்துவைத்திருப்பதும் அதுதான். ஜனங்கள் எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். பக்கத்தில் இனாம் கப்பல் நிற்கிறது, கையில் குடை கொடுக்கத் தயாராக. எட்டணா என்பது அன்றைக்குக் கூலிக்காரனுக்குச் சின்னத் தொகை இல்லை. ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ‘ஏனுங்க, காசு மிச்சமாகுதில்ல’ என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் படகுத்துறையில் எல்லாரும் ஒன்றாக நிற்கும்போது, பங்கு வாங்கிய மளிகைக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நேற்றுச் சாயங்காலம் வ.உ.சி. பேசியது காதில் இருக்கும்போது, கால் அந்தப் பக்கம் போகாது.

எங்கள் வேனில் அது நடக்கவில்லை. அதற்காக அந்த 24 பேரில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். கைமடி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வாரம் இருபது ரூபாய் என்பது வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசி. அப்பாவும் குறை சொன்னதில்லை. அந்த வேன் அப்பாவுடையது, அவ்வளவுதான். அவர்களுடையது என்று அவர்கள் நினைக்க நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

இதனால்தான், ‘வெள்ளைக்காரன் டிக்கெட் விலையைக் குறைத்தான், சுதேசிக் கப்பல் கம்பெனி மூழ்கியது’ என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் எனக்குப் பொறுக்காது. கட்டணச் சண்டையில் பணம் கரைந்தது, உண்மை. ஆனால் ஆட்கள் போகவில்லை. படகுத்துறையில் சுதேசிக் கம்பெனி தோற்கவே இல்லை. அங்கே தோற்கடிக்க முடியாததால்தான் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

தூத்துக்குடியில் கோரல் மில்லை நடத்தியதும் அதே ஹார்வி கம்பெனிதான். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஒன்பது நாளில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மில் வேலைநிறுத்தம் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலும் இடி, மில்லிலும் இடி, இரண்டுக்கும் ஒரே ஆள் காரணம் என்றால் அந்த ஆளை வெளியே விட்டுவைப்பார்களா? மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஒன்றுக்குப்பின் ஒன்றாக நாற்பது வருடம். அவருக்கு வயது அப்போது முப்பத்தைந்து. மேல்முறையீட்டில் அது குறைந்தது, ஆனால் கம்பெனிக்குத் தேவைப்பட்ட வருடங்கள் போய்விட்டன.

அவரைக் கொண்டுவந்து அடைத்தது நம் கோயம்புத்தூர் ஜெயிலில். 1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை. காந்திபுரத்தில் இன்றைக்கும் இருக்கிற அதே மத்திய சிறைதான். வேலை விஷயமாகக் கோவைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்ப்பேன். அங்கேதான் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். ஒவ்வொரு வருடமும் அவருடைய பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று சிறைக்குள் இருக்கும் அந்தச் செக்குக்கு மாலை போடுகிற படம் பேப்பரில் வரும். அந்தப் பக்கத்தை நான் வெட்டி எடுத்து வைப்பேன்.

செக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அப்புச்சி ஊர் முத்தூர் பக்கம். அங்கே சின்ன வயதில் மாட்டுச் செக்கு பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்துக்குக் கல் உரல், அதில் சாய்வாக நிற்கிற மர உலக்கை, உலக்கையோடு பூட்டிய நீண்ட தடி. தடியின் மேல் கல்லை ஏற்றி வைத்து, அதன்மேல் செக்குக்காரரும் உட்கார்ந்துகொள்வார். பாரம் இருந்தால்தான் உலக்கை அழுந்தும். மாட்டுக்குக் கண்ணைத் துணியால் கட்டியிருப்பார்கள். எள்ளோடு கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் முதலில் சரசரவென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் அது மாறி மரம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எண்ணெய் விடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில்தான் இழுவை கனக்கும். நல்ல காங்கேயம் காளையே அந்த நேரத்தில் தலையைத் தாழ்த்தி, வாயில் நுரை தள்ளி, கழுத்தைக் கொடுத்து இழுக்கும். ஒரு தடவை நான் விளையாட்டாகத் தடியில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். ஒரு விரல்கடை நகரவில்லை. அம்மிச்சி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்து, “அது மாட்டுக்கே ஆகாத பாடு, உனக்கெதுக்கு சாமி” என்றார். காளை சுற்றிச் சுற்றிக் கால் பட்ட இடம் வட்டமாகப் பள்ளம் விழுந்து கிடந்தது.

சில மாதங்கள் முன்பு வரை கப்பல் கம்பெனியின் கணக்கைப் பார்த்த மனிதர், வக்கீலுக்குப் படித்தவர், அப்படி ஒரு வட்டத்துக்குள் வெயிலில் நடந்தார். அதைப் பிற்பாடு தன் வரலாற்றில் செய்யுளாகவே எழுதினார். சிறையில் இருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலனின் புத்தகத்தை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழில் மொழிபெயர்த்தார். நம் ஊர் அவரை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. பெரியபுராணத்துக்கு உரை எழுதிய கோவை வக்கீல் சி.கே. சுப்பிரமணிய முதலியார் சிறையில் இருந்த அவருக்கு உதவியாக இருந்தார். விடுதலையாகிச் சில வருடங்கள் கழித்து வ.உ.சி. கோயம்புத்தூரில் வந்து குடியிருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்? தன்னைச் செக்கில் பூட்டிய ஊருக்கே திரும்பி வந்திருக்கிறார். பறிபோன வக்கீல் உரிமையைத் திரும்பக் கொடுத்த நீதிபதி வாலஸ் வெள்ளைக்காரர்தான். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

அவர் உள்ளே இருக்க, வெளியே கம்பெனி நொடித்தது. பங்கு விற்க ஊர் ஊராக அலைகிற கால் இல்லை. சுதேசிக் கப்பலில் சரக்கு ஏற்றினால் ராஜதுரோகியோடு சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அப்படியும் இழுத்துப் பிடித்து 1911 வரை ஓட்டினார்கள். அந்த வருடம் கம்பெனி கலைந்தது. காலியா எதிர்க் கம்பெனிக்கே விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணூர் சிறையிலிருந்து வெளியே வந்த வ.உ.சி.க்கு எல்லாவற்றையும்விட வலித்தது அதுதான். எதிரியிடம் விற்றதற்குப் பதிலாகக் கப்பலைச் சுக்குநூறாக உடைத்துக் கடலில் போட்டிருக்கலாம் என்று அவர் சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

எங்கள் மேட்டடோரை 1997 சித்திரையில் விற்றோம். வாங்கியவர் அந்த மூன்று வேன்காரர். வேறு யாரும் அந்த விலைக்குக் கேட்கவில்லை. ஆனி மாதம் அவர் வாரக் கட்டணத்தை 35 ரூபாய் ஆக்கினார். எங்கள் வேனைப் பெயின்ட் மாற்றி அதே ரூட்டில் விட்டார். ஹாரன் மட்டும் மாற்றவில்லை. காலை ஆறே முக்காலுக்கு அந்த ஹாரன் சத்தம் தெருவில் கேட்கும்போது அப்பா எழுந்து புழக்கடைக்குப் போய் எருமைக்குச் சோளத்தட்டுப் போடுவார். போட்டதையே திரும்ப அள்ளிப் போடுவார். இரண்டு வருடம் அப்படி.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். செக்கிங் வேலைக்குப் போன ஒரு அக்கா. பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மற்ற எல்லாரும் போனபிறகும் வந்துகொண்டிருந்தார். அந்த சனிக்கிழமை நான் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். வேனை விட்டு இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். அப்பா, “பதினஞ்சு ஆக்கி அஞ்சு மாசமாச்சு அம்முணி. நீ எதுக்கு முப்பது குடுக்கற?” என்றார்.

“முந்தி முப்பதுதானுங்கண்ணா குடுத்தேன். எனக்குத் தூரம் குறையலீங்களே.”

“திங்கக்கிழமையிலிருந்து நீயும் அந்த வண்டியிலயே போய்க்க. ஒருத்திக்காக வண்டி எடுத்தா உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.”

அவர் ஒன்றும் பேசவில்லை. பணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, டிபன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கூடைக்குள் இருந்தது மூடி நசுங்கிய பழைய அலுமினியத் தூக்குப் போசி.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு. என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எட்டணாக் கப்பலையும் இனாம் கப்பலையும் பற்றிச் சொன்னேன். செக்கைப் பற்றியும் காலியா யார் கைக்குப் போனது என்பதையும் சொன்னேன். கப்பல் விற்ற இடம் வந்ததும் அவர் முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

“ஏங்கண்ணு, இனாம் வண்டி நிக்கறப்ப காசு குடுத்து ஏறுனாங்களே, அவங்க பேரெல்லாம் யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?”

“நான் படிச்சதுல இல்லீங்கப்பா. பங்கு வாங்கினவங்க பேரு சிலது இருக்குதுங்க. டிக்கெட் வாங்கினவங்க பேரைப் பார்க்கலீங்க.”

அப்பா நோட்டை என் மடியிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் படிக்க வராது. ஆனாலும் அந்த வரி இருந்த இடத்தில் சரியாக விரலை வைத்தார். அந்த அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தம்பியிடம் விசாரிக்கச் சொன்னார். நோட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லி, சாமி படத்துக்குப் பக்கத்து மாடத்தில், பஞ்சாங்கத்தின் மேல் வைத்தார்.